கச்சேரி மேடையும் மின்சாரமும்



நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வேண்டும். வீணை வாசிப்பவருக்கு விரல் வேண்டும். என் போன்ற கீபோர்டு வாசிப்பவனுக்கோ, விரலும் ஞானமும் சரியாக இருந்தாலும், சுவரிலிருந்து வருகிற ஒரு கம்பியின் தயவும் வேண்டியிருக்கிறது. கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் மெல்லிசைக் குழுக்களோடு பல ஆண்டுகள் வாசித்தவன் நான். இன்று உங்களிடம் ராகத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அந்தக் கம்பியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஓர் ஊரில் அம்மன் திருவிழா. இரண்டாவது பாட்டில் தாளத்தின் முதல் அடி விழும்போதெல்லாம் என் கருவி அணைந்து அணைந்து உயிர் பெற்றது. ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும், நான் தேர்ந்து வைத்திருந்த புல்லாங்குழல் ஒலி மறைந்து பியானோ ஒலியே வந்து நின்றது. பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கூட்டமும் பார்த்தது. இடைவேளையில் மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரை அளந்தேன். 12 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அச்சாக 12 வோல்ட் இருந்தது. அப்படியானால் குற்றவாளி ஜெனரேட்டர்தான் என்று தீர்மானித்து, அதை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் சொல்லத்தகாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பதில் பேசவில்லை.

மறுநாள் பழுது பார்ப்பவர் ஒருவர் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டில் மினுக்குகிற 10 வாட் பல்பு ஒன்றை அந்த அடாப்டரோடு இணைத்துவிட்டுப் பிறகு அளந்தார். 12 வோல்ட் 7 ஆக விழுந்தது. பாரம் இல்லாதபோது நிமிர்ந்து நிற்பவன், மூட்டையைத் தலையில் வைத்ததும் முழங்கால் மடிகிறான் அல்லவா? அதே கதைதான். தாளத்தின் அடி உரக்க விழும்போது கருவிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி அதிக மின்னோட்டம் கேட்கிறது, நலிந்த அடாப்டரால் அதைக் கொடுக்க முடிவதில்லை, அழுத்தம் சரிகிறது, கருவி தன்னை மறந்து மறுபடி பிறக்கிறது. அடாப்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கெபாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது. அதற்குள்ளிருக்கும் திரவம் வெப்பத்தில் வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. நானோ அந்த அடாப்டரைத் துணியில் சுற்றி, விளக்குகளின் சூட்டில், மேடை விரிப்பின் அடியில் செருகி வைப்பது வழக்கம்!

அவசரத்துக்கு இன்னொருவர் அடாப்டரை இரவல் வாங்கி மாட்டுவதும் ஆபத்தே. முனை பொருந்திவிட்டது என்பதற்காக எல்லாம் பொருந்திவிடாது. ஒரு கருவி 12 வோல்ட் கேட்கும், நடுமுனை நேர். இன்னொன்று 9 வோல்ட் கேட்கும், நடுமுனை எதிர். அடாப்டரின் முதுகில் ஒரு வட்டமும் புள்ளியும் போட்டு, இந்தச் செய்தியை அச்சிட்டிருப்பார்கள். மாட்டுவதற்கு முன் அதைப் படிக்க அரை நிமிஷம் போதும்.

ஜெனரேட்டர்மீது எனக்கிருந்த சந்தேகத்துக்குப் பழைய நியாயம் ஒன்று உண்டு. 1935-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஹாமண்டு ஆர்கனில், பல் வைத்த சக்கரங்கள் சுழன்று சுரங்களை எழுப்பின. அவற்றைச் சுழற்றிய மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவு எண்ணைப் பொறுத்தது. 50 அலைவு 49 ஆகக் குறைந்தால், சுருதியும் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இறங்கிவிடும். இன்றைய கீபோர்டில் சுருதியைக் காப்பது குவார்ட்ஸ் படிகம். ஆகவே ஜெனரேட்டர் தள்ளாடினாலும் சுருதி தள்ளாடாது.

இனி, சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஆம்ப்ளிஃபையரிலிருந்து எப்போதும் ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரும் மைக் செட்காரரின் மிக்ஸரும் வெவ்வேறு இடத்தில் எர்த் பெற்று, நடுவில் கேபிளாலும் இணைந்திருந்ததால் வந்த இரைச்சல் அது. பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். உடைத்தேன்; போய்விட்டது. பெருமிதப்பட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மழை இரவு. மிக்ஸர்வரை கேபிள் எட்டவில்லை என்று, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தினார்கள். அதுவரை கேபிளின் உறை வழியாகத் திருட்டுத்தனமாகக் கிடைத்துக்கொண்டிருந்த எர்த்தும் அன்று இல்லாமற் போயிற்று. கசிந்த மின்சாரம் ஆம்ப்ளிஃபையரின் இரும்பு உடலில் வந்து காத்திருந்தது. பாடகர் ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடி, மறு கையை அதன்மேல் ஊன்றினார். மைக்கின் உலோகம் எர்த்தோடு சேர்ந்தது. ஒரு கையில் ஏறி, மார்பைக் கடந்து, மறு கையில் இறங்கும் பாதை திறந்துவிட்டது. அவர் அலறக்கூட இல்லை. மைக்கோடு பின்னால் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் கை விடுபட்டதால் பிழைத்தார். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகர மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்ட அவர் மாண்டார்.

அன்றிரவே புது பிளக் வாங்கி மாட்டினேன். இரைச்சலை ஒழிக்க நேரான வழிகள் இருக்கின்றன: எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பது, அல்லது ஒலி செல்லும் கேபிளின் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சிறு பெட்டியை இணைப்பது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றையும் இப்போது உடன் எடுத்துச் செல்கிறேன்.

மேடைக்குப் போனதும் முதல் வேலை, அளப்பது. அதுவும் சீரியல் விளக்குகள் அனைத்தும் எரிந்த பிறகே அளப்பேன். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும் அழுத்தம் வரக்கூடும். ஒரு நொடியில் எல்லாம் கரியாகிவிடும். அளவு 250-ஐத் தாண்டினால் பிளக்கைச் செருக மாட்டேன். விழாக் குழுவினர் கோபித்தாலும் சரி. கீபோர்டுக்கு வேண்டியது 20 வாட்டுக்கும் குறைவு. ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சிறு யு.பி.எஸ். ஒன்றே அதைப் பல பாட்டுகள்வரை தாங்கும். ஆம்ப்ளிஃபையரை மட்டும் அதில் மாட்டுவதில்லை.

அடுத்த ஆண்டு அதே அம்மன் திருவிழாவுக்கு மறுபடி போயிருந்தோம். மேடையில் ஏறுமுன் ஜெனரேட்டர்காரரைத் தேடிச் சென்றேன். "ஐயா, போன வருஷம் தப்பு என்னுடையது, உங்கள் மிஷின்மேல் குற்றமில்லை" என்றேன். அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை உதறிவிட்டு, "தெரியும் தம்பி. விளக்கெல்லாம் ஒழுங்காகத்தானே எரிந்தது!" என்றார். பிறகு, "உபரியாக ஒன்று கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார். பையைத் திறந்து இரண்டைக் காட்டினேன்.