அனுப்பியவர் பெயரை அல்ல, அழைக்கும் முகவரியைப் பாருங்கள்



சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் என்று பல தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘உங்கள் சேமநிதிக் கணக்கு முடக்கப்பட்டது, உடனே இங்கே அழுத்துங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடம் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசு. மனம் பதறும், விரல் அழுத்திவிடும். மோசடிக்காரன் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

இத்தகைய குப்பை மின்னஞ்சலைத் தடுக்க முதலில் வார்த்தைகளைப் பார்த்தார்கள். ‘பரிசு’, ‘இலவசம்’ என்றிருந்தால் ஒதுக்கினார்கள். அவன் எழுத்தை மாற்றி எழுதினான். அனுப்பும் கணினியின் எண்ணைப் பட்டியலிட்டார்கள். வைரஸ் புகுந்த பிறர் வீட்டுக் கணினிகள் வழியாக அனுப்பினான். ஆனால் நம்மைத் தன் இணையத்தளத்துக்கு வரவழைக்க அவன் ஒரு முகவரி கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

2004-இல் தொடங்கிய ‘சர்பில்’ என்ற கறுப்புப் பட்டியல் இந்த இடத்தில்தான் பிடித்தது. வடிகட்டி, மின்னஞ்சலுக்குள் இருக்கும் இணைய முகவரியை எடுத்து, ‘இது உங்கள் பட்டியலில் உள்ளதா?’ என்று கேட்கும். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வரும். ‘ஸ்பேம் அசாசின்’ என்ற இலவச வடிகட்டி அதே ஆண்டில் இம்முறையைச் சேர்த்துக்கொண்டது. முகவரி பட்டியலில் இருந்தால் அந்த மின்னஞ்சலுக்குக் குற்றப்புள்ளி கூடும். புள்ளி எல்லையைத் தாண்டினால் குப்பைப் பெட்டிதான்.

இதிலும் ஓட்டை உண்டு. இன்று வாங்கிய புது முகவரி பட்டியலில் ஏறச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் பலர் ஏமாந்துவிடுவார்கள். இன்னொன்று, கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு கோயில் அல்லது பள்ளியின் தளத்துக்குள் திருடன் புகுந்து போலிப் பக்கம் வைத்தால், அந்த முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு அவர்கள் அனுப்பும் நல்ல அழைப்பிதழும் நமக்கு வந்து சேராது. தளம் வைத்திருப்போர் அதைச் சுத்தம் செய்து, பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2023 மே மாதம், தனிநபர் அனுப்பும் குறுஞ்செய்தியில் இணைப்பு இருந்தால் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. அது குறுஞ்செய்திக்கு மட்டும்தான். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் நாம்தான் காவல்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, முகவரியைப் படியுங்கள். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விடுங்கள். அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதியே உண்மையான வீட்டு விலாசம். சேமநிதி வாரியத்துக்கு அது ‘கே.டபிள்யூ.எஸ்.பி. புள்ளி ஜி.ஓ.வி. புள்ளி எம்.ஒய்.’ என்று முடியும். முன்னால் வாரியத்தின் பெயரைச் செருகி, முடிவில் வேறு பெயர் இருந்தால் போலி. சந்தேகம் வந்தால் பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை.

இரண்டு, வெறுமனே அழிக்காதீர்கள். ‘ஸ்பேம்’ என்ற பொத்தானை அழுத்திப் புகார் செய்யுங்கள். நீங்கள் காட்டிக்கொடுப்பது அடுத்த வீட்டுக்காரரைக் காப்பாற்றும்.

மூன்று, பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே 997-க்கு அழையுங்கள். போலீஸ் புகாரும் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வழி உண்டு.

ஏமாந்தவர் முட்டாள் அல்ல. மறைத்தால்தான் திருடனுக்கு லாபம்.