குளிர்ல டிராக்டர் ஏன் அடம்பிடிக்குது?

ஜனவரியில ஊட்டிக்குப் போனவங்களுக்கு அந்த உறைபனி ஞாபகம் இருக்கும். புல்தரை வெள்ளையா இருக்கும், நாம போட்டோ எடுத்துக்கிட்டு இருப்போம். அதே காலையில கேரட் தோட்டத்துல ஒருத்தர் மினி டிராக்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருப்பார். செல்ஃப் இழுக்கும், எஞ்சின் பிடிக்காது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். உங்க அப்பாவோ மாமாவோ டிராக்டர் வச்சிருந்தா, அவசியம் அவங்களுக்கு அனுப்புங்க.

முதல்ல அடிப்படையைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின்ல தீப்பொறிக்கு ஸ்பார்க் பிளக் இருக்கு. டீசல் எஞ்சின்ல அது கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, ஏறக்குறைய 20-ல ஒரு பங்கா அமுக்கும். அப்போ காற்று பல நூறு டிகிரி சூடாகும். அதுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுமே, அதே கதைதான்.

அப்போ ஸ்டார்ட் ஆகலைன்னா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: சூடு எங்கே போகுது? சில்லுனு இருக்கற சிலிண்டர் சுவர் சூட்டை உறிஞ்சிடும். எஞ்சின் மெதுவா சுத்தினா, அமுக்கின காற்று ரிங் இடுக்கு வழியா கசியவும் நேரம் கிடைச்சிடும். சின்ன எஞ்சின்ல இது இன்னும் அதிகம். அண்டாவுல இருக்கற டீயைவிட டம்ளர்ல இருக்கற டீ சீக்கிரம் ஆறிடுது இல்லையா, அது மாதிரி.

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்? சைலன்சரைப் பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தா, டீசல் உள்ளே போகுது, ஆனா எரியலைன்னு அர்த்தம். அதாவது சூடு பத்தலை. புகையே வரலைன்னா டீசலே போய்ச் சேரலை. ஃபில்டர் அடைப்பு, ஏர் லாக் இதையெல்லாம் பாருங்க.

அடுத்து, எஞ்சின் சுத்துற வேகம். மெதுவா சுத்தினா உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீங்க. குளிர்ல பேட்டரியோட சக்தி குறையும், ஆயில் கெட்டியாகும், ரெண்டும் உண்மைதான். ஆனா முதல்ல ஒரு மல்டிமீட்டர் எடுங்க. சும்மா நிக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனா, சார்ஜ் இல்லை, இல்லைன்னா பேட்டரி பலவீனம். பேட்டரி நல்லா நின்னும் எஞ்சின் மெதுவா சுத்துதா? மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணை எஞ்சின் உடம்புல வச்சு மறுபடி செல்ஃப் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயர்லதான் கோளாறு. கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி மாட்டினாலே பல சமயம் சரியாயிடும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம்.

எஞ்சின் வேகமா சுத்துது, வெள்ளைப் புகையும் வருது, ஆனா பிடிக்கலையா? குளோ பிளக்கைப் பாருங்க. சின்ன எஞ்சின்கள் பலதுல காற்றறையைச் சூடு பண்ண சிலிண்டருக்கு ஒண்ணா இது இருக்கும். ஒயரைக் கழட்டி, பிளக் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவுல ஓம் அளந்து பாருங்க. நல்ல பிளக் ரொம்பக் குறைவா, பெரும்பாலும் ஒரு ஓம் பக்கத்துல காட்டும். மீட்டர் அசையவே இல்லைன்னா அந்தப் பிளக் செத்துப்போச்சு. சில டிராக்டர்ல குளோ பிளக்கே இருக்காது, அதனால மேனுவலைப் பார்த்துக்கோங்க. ஆயிலையும் அதுலயே பாருங்க. 20டபிள்யூ-50-ஐவிட 15டபிள்யூ-40 குளிர்ல சுலபமா ஓடும், கம்பெனி அனுமதிச்சிருந்தா அதுக்கு மாறலாம்.

ஸ்டார்ட் பண்ற விதமும் முக்கியம். நியூட்ரல்ல போட்டு, கிளட்சை முழுசா மிதிங்க. இல்லைன்னா கியர்பாக்ஸ்ல இருக்கற கெட்டி ஆயிலையும் சேர்த்து செல்ஃப் மோட்டார் சுத்த வேண்டியிருக்கும். ஆக்ஸிலேட்டரைப் பாதி வரைக்கும் வைங்க. குளோ பிளக்கைச் சூடாக விடுங்க. 10 விநாடிக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, அரை நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க.

இப்போ இந்த எபிசோட்லயே முக்கியமான விஷயம். "ஈதர் ஸ்ப்ரே அடி, உடனே பிடிச்சுக்கும்"னு யாராவது சொல்வாங்க. பிடிக்கும்தான். ஆனா குளோ பிளக் சூடா இருக்கும்போது ஈதர் உள்ளே போனா, பிஸ்டன் மேலே வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சிடும். பிஸ்டன் உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம், அடிச்சவர் முகத்துலயே தீ பிடிக்கலாம். டீசல்ல நனைச்ச துணியைக் கொளுத்தி ஏர் ஃபில்டர் பக்கம் காட்டுறதும் ஆபத்துதான். இன்னும் கடன் அடைச்சு முடியாத வண்டியில ஒரு காலை நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய், எஞ்சினையே இழக்கணுமா?

கனடா மாதிரி ஊர்ல ராத்திரியே எஞ்சின் ஹீட்டரை கரண்ட்ல மாட்டி வச்சிடுவாங்க. நம்ம மலைக்கு அவ்வளவு தேவைப்படாது. கூரைக்குக் கீழே நிறுத்தி, பேட்டரியை முழு சார்ஜ்ல வச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். வரிசையை மட்டும் மறக்காதீங்க: முதல்ல புகை, அப்புறம் சுத்துற வேகம், அப்புறம் குளோ பிளக். இதையெல்லாம் பார்த்த பிறகு பர்ஸைத் திறந்தா போதும்.