முறமும் வாழைநாரும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சவள். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

"இயற்கை நார் கூட்டுப்பொருள்" பற்றிப் பேசச் சொன்னாங்க. பேரு பெரிசா இருக்கு. ஆனா அது நம்ம வீட்டிலேயே இருக்கிற பொருள்தான்.

எங்க அத்தை தெலுங்கு பேசுறவங்க. முறத்தை "சேட்ட"ன்னுதான் சொல்வாங்க. பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில அரைச்சு, மூங்கில் முறத்துமேல மெழுகி வெயில்ல காயவைப்பாங்க. சந்தெல்லாம் அடைஞ்சு, முறம் பல வருஷம் உழைக்கும். பாரத்தைத் தாங்குறது மூங்கில். அதை விலகாமப் பிடிச்சுக்கிறது பசை. மண் சுவருக்கு வைக்கோல் போட்டு மிதிச்சதும் இதே கணக்குதான். வைக்கோல் இல்லாட்டி மண்ணு காயும்போது வெடிச்சிடும்.

ஆலைகளில் வெந்தயப் பசைக்குப் பதிலா பிசினோ ரப்பர் பாலோ சேர்க்கிறாங்க. நாம படுக்கிற தென்னைநார் மெத்தை, நாரும் ரப்பர் பாலும் சேர்ந்ததுதான். சணல், கற்றாழை நாரில் கார் கதவுக்கு உள்பக்கப் பலகை வருது. பெங்களூர் ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிலையத்தில், மூங்கில் பாய்களைப் பிசினில் நனைச்சு, அடுக்கி, சூட்டில் அழுத்தி, கூரைக்கு நெளிசீட்டு செய்யக் கண்டுபிடிச்சாங்க. பாய் பின்னுற வேலை பெண்களுக்குக் கிடைக்கிற வேலை.

இந்த நாருக்கு ஏன் மதிப்புன்னா, எடை குறைவு. கண்ணாடி இழை ஒரு கன சென்டிமீட்டர் 2.5 கிராம், வாழைநார் சுமார் 1.35 கிராம்தான். கண்ணாடி இழை மாதிரி கையில குத்தி அரிக்காது. தார் வெட்டினதும் தோட்டத்தில் அழுகிப்போற மரத்திலிருந்தே வாழைநார் கிடைக்குது.

இப்போ எங்க குழு பட்டதைச் சொல்றேன். நாங்க 12 பேர். வங்கிக் கடன் 40,000 ரூபாய் எடுத்து, வாழைநாரையும் மைதாப் பசையையும் சேர்த்து அச்சில் அழுத்தி ட்ரே செஞ்சோம். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் நல்லா வித்துச்சு. அந்தத் தைரியத்தில், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி ஒரு கடைக்கு 150 ட்ரே கொடுத்தோம். யாரும் சோதிச்சுப் பார்க்கலை. ஐப்பசி மழையில் அத்தனையும் உப்பி, பூஞ்சை பிடிச்சுத் திரும்பி வந்துடுச்சு. தவணை நாள் நெருங்குது. ரெண்டு பேர் குழுவை விட்டே போறோம்னாங்க. நான் ராத்திரி தூங்கலை.

அத்தைதான் கேட்டாங்க: "முறத்தை நான் என்னிக்காவது கழுவிப் பார்த்திருக்கியாடி? அடுப்புக்கு மேலதானே மாட்டி வைக்கிறேன்?" அப்போதான் உறைச்சுது. நார் தண்ணி குடிக்கும். குடிச்சா உப்பும், பசை விடும், பூஞ்சை வரும்.

அப்புறம் கேட்டுக் கத்துக்கிட்டோம். காஸ்டிக் சோடாவைத் தண்ணியில லேசாக் கரைச்சு, அதில் நாரைப் போட்டு நல்லா அலசினா, மேலே இருக்கிற மெழுகும் அழுக்கும் போயி, பசை நல்லாப் பிடிக்கும். கையுறை கட்டாயம் வேணும். நாரை முழுசாக் காயவைக்கணும். விளிம்பு நாலையும் பூசி அடைக்கணும். தென்னைநாரில் லிக்னின்கிற பொருள் நூத்துக்கு 40 பங்குக்கு மேல இருக்கு; அதனால அது சீக்கிரம் அழுகாது. ஈரம் படுற சாமானுக்கு அதுதான் நல்லது. எந்த நாரா இருந்தாலும் 200 டிகிரிக்கு மேல சூடு பட்டா கருகிடும்; அடுப்புச் சட்டிக்கு ஆகாது.

இப்போ வாழைநாரில் பூத்தட்டும் வளையல் பெட்டியும் மட்டும் செய்யறோம். "தண்ணி படக்கூடாதுங்க"ன்னு வாயால சொல்லித்தான் விக்கிறோம். அப்படிச் சொன்னதுக்காக வாங்காமப் போனவங்க கொஞ்சம் பேர்தான். பன்னிரண்டு பேரும் கூலியில பிடிச்சுத் தவணை கட்டினோம். போறேன்னு சொன்ன ரெண்டு பேரும் போகலை. கடன் போன மாசம் தீர்ந்துச்சு.

கூட்டமைப்புக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் நார் காயவைக்க இடமில்லை. ஒரு குழுவால் முடியாது. எல்லாக் குழுவுக்கும் பொதுவா கூரை போட்ட கூடம் ஒண்ணு வேணும். அது வந்தா ஐப்பசியிலும் எங்க கை ஓயாது.