சைப்பிரசுப் பலகையும் வீட்டுத் தச்சுவேலையும்

பலகை என்றதும் நம்மவருட் பலர் முதிரையையும் தேக்கையும் பாலையையுமே நினைப்பர். வன்மரங்களை அறுத்து இழைப்பது பழகிய தச்சரின் கைக்கே உரியது. ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே ஒரு புத்தகத் தட்டோ சிறு பெட்டியோ செய்ய விரும்புவோருக்கு, மலைநாட்டிற் கிடைக்கும் சைப்பிரசுப் பலகை பெரிதும் ஏற்றது.

சைப்பிரசு நம் நாட்டு மரமன்று. வெளியிலிருந்து வந்து மலைக்குளிரில் வேரூன்றியது. இங்குள்ள இனங்களுள் ஒன்றின் தாயகம் கலிபோர்ணியாவின் மொன்டரேக் கடற்கரை. அங்கே அது இயற்கையாக வளர்வது இரண்டு சிறு தோப்புகளில் மாத்திரமே. 1861 ஆம் ஆண்டு சிங்கோனாப் பயிருக்கென நிறுவப்பட்ட ஹக்கலைப் பூங்காவில் அவ்வினத்தின் முதிர்ந்த மரங்களைக் காணலாம். இக்குலத்து மரத்தின் பெருமை பழமையானது. போரில் மாண்ட வீரரின் எலும்புகளை ஏதென்சு நகரத்தார் சைப்பிரசுப் பேழைகளில் வைத்தே ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என வரலாற்றாசிரியர் துசிடிடிசு எழுதியுள்ளார்.

இம்மரம் பாரமற்றது, வாளுக்கும் சீவுளிக்கும் எளிதில் இணங்குவது, நறுமணமுடையது. ஆயின் கணுக்கள் மிகுதி. வெளிறிய புறப்பகுதியைப் பூச்சியும் உழுத்தலும் விரைவிற் பற்றும். உள்ளே உள்ள வைரப்பகுதியே நெடுநாள் நிற்கும்.

இனி, என் பிழையொன்றைக் கூறுகின்றேன். மலைநாட்டுப் பாடசாலையொன்றில் நான் கடமையாற்றிய காலத்தில், பரிசளிப்பு விழாவுக்கு முன்னர் நூலகத்துக்கு ஓர் அலுமாரி செய்ய முற்பட்டோம். பலகைகள் வந்த அன்றே வேலை தொடங்கியது. தச்சர் ஒருவரின் மகனான மாணவன் ஒரு பலகையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பின்னர் பழைய மேசைப் பலகையிலும் கன்னத்தை வைத்தான். “ஐயா, இது அதைவிடக் குளிர்கிறது, இன்னும் காயவில்லை” என்றான். பட்டம் பெற்ற நான் அப்பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. விழா சிறப்பாக நடந்தேறியது. இரண்டு மாதங்களில் கதவு முறுகிப் பூட்ட முடியாது போயிற்று. தட்டொன்று நடுவே பிளந்தது. மாரிகாலச் சாரல் அவ்விடைவெளியாற் புகுந்து, அரிதிற் சேர்த்த நூல்களிற் சில பூஞ்சணம் பிடித்து அழிந்தன.

ஆகவே முதல் விதி, பலகையை உலரவிடுதல். நிலத்திற் படாதவாறு, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அடுக்குக. ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஒரே கனமுள்ள சலாகைகளை, மேலும் கீழும் நேராக அமையுமாறு வைக்குக. நுனிகளுக்கு மை பூசினால் அவை முந்தி உலர்ந்து வெடியா. ஒரு சிறு பலகையை வாரந்தோறும் நிறுத்து வாருங்கள். நிறை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம். உலர்ந்த பின்னரும் மரம் ஈரக் காற்றில் விரியும், வறட்சியிற் சுருங்கும். அவ்வசைவு அகலத்திலேயே பெரிது. நீளத்தில் மிகச் சிறிது. எனவே அகன்ற மேசைப் பலகையை அசைய இடமின்றி ஆணியால் இறுக்கிவிடலாகாது.

சீவுளியை நன்கு தீட்டி, கணுக்களின் அருகே மெல்லிதாக இழையுங்கள். பலகையின் ஓரத்தில் திருகாணி செலுத்துமுன் துறப்பணத்தால் துளையிடாவிடின் மரம் பிளக்கும். வழிந்த பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். பசை ஊறிய இடத்தில் வார்னிஷ் பற்றாது. அரத்தாளை மரத்தின் ரேகை வழியே தேயுங்கள். தூசி மூச்சுக்கு ஆகாதாகையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.

மெருகூட்டுமுன், ஸ்பிரிட்டிற் கரைத்த அரக்கைக் கணுக்களின்மேல் பூசுங்கள். இன்றேல் அவற்றின் பிசின் கசிந்து கறை படுத்தும். பின்னர் வார்னிஷை மெல்லிதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்து இலேசாகத் தேய்த்த பின், பூசுக. முன்புறத்துக்குப் பூசிய அளவே பின்புறத்துக்கும் பூசவேண்டும். ஒருபுறம் மாத்திரம் பூசிய பலகை வளையும். வெயிலில் நிற்கும் பொருளாயின் காலத்துக்குக் காலம் மீண்டும் பூசாவிடின் அது நரைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கும். சுருளுக்குள் அது அடைபட்டுத் துணி தானே தீப்பற்றக்கூடும். அதனை விரித்து வெளியே உலர்த்துங்கள்.

அவ்வலுமாரியைப் பிரித்து, அடுத்த ஆண்டு மீண்டும் செய்தோம். அம்முறை எப்பலகை காய்ந்தது, எது காயவில்லை என்று தீர்ப்புக் கூறியவன் அம்மாணவனே. நான் ஏடெடுத்து அவன் சொன்ன நிறைகளை எழுதிக்கொண்டு அருகில் நின்றேன். கல்வி ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் வருவதன்று என்பதை அப்பலகைகளே எனக்குக் கற்பித்தன.