கவுன்சிலர் இல்லாத ஐந்து ஆண்டுகள்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவைத் தாய்மார்களின் ஓய்வூதிய விண்ணப்பம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். இன்று உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேசுகிறோம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடுவதில்லை. தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும் என்பது மட்டுமே இன்றைய பேச்சு.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு ஏழாவது மண்டலமானது 2011-இல். அந்த ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லா ஊர்களிலும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் அடுத்த தேர்தல் என்று அறிவித்தார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று வழக்கு வந்தது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, கால அவகாசம் என்று போய்க்கொண்டே இருந்தது. நாம் மறுபடி கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்து ஆண்டுக்கு மேல் நம் தெருக்களுக்குக் கவுன்சிலரே இல்லை.

அந்தக் காலம் முழுவதும் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். அவர்களுடைய காலம் முடியும்போதெல்லாம் சட்டமன்றத்தில் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து நீட்டித்தார்கள். அந்தச் சட்டங்கள் நிறைவேறிய செய்தி பத்திரிகையில் ஓர் ஓரத்தில் வந்து போயிற்று. நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

அந்த ஆண்டுகளில் என்னென்ன நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். 2018-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. உயர்த்தியபோதும் நிறுத்தியபோதும் மாமன்றத்தில் விவாதம் இல்லை, ஏனென்றால் மாமன்றமே இல்லை. 2019-இல் ஆவடி மாநகராட்சி ஆனது. நகராட்சி மாநகராட்சியாக மாறும் பெரிய முடிவில் ஆவடி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூடக் கருத்துச் சொல்லும் இடத்தில் இல்லை. 2020-இல் கொரோனா வந்தது. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பால் எப்படி வாங்குவது, டயாலிசிஸுக்குப் போகிறவரை யார் அழைத்துப் போவது என்று தவித்தபோது, கதவைத் தட்டிக் கேட்க வார்டில் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை.

அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. தூய்மைப் பணியாளர் முதல் ஆணையர் வரை பலர் இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் அதிகாரி பதில் சொல்ல வேண்டியது தனக்கு மேலே இருப்பவரிடம். மாறுதல் வந்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார். கவுன்சிலர் ஐந்து ஆண்டு கழித்து அதே தெருவுக்குத்தான் ஓட்டுக் கேட்டு வர வேண்டும். கவுன்சிலர் இருந்தால் வரி குறைந்துவிடும் என்றும் இல்லை. 2022-இல் மறுபடி உயரத்தான் செய்தது. ஆனால் இப்போது ஏன் என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாமன்றத்துக்கு 1996-இல்தான் அடுத்த தேர்தல் நடந்தது. நம் பக்கத்துக் கிராமங்களின் நிலையும் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டக் கிராம ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அப்போது தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஆட்சிகள் மாறினாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

அரசியல் சாசனம் இதில் தெளிவாக இருக்கிறது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற நம் கவுன்சிலர்களின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் தள்ளிப்போன பிறகு புலம்புவதில் பயனில்லை. இப்போதே நாம் செய்யக்கூடிய வேலைகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, வாக்காளர் பட்டியல். சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் உள்ளாட்சிப் பட்டியலும் தயாராகிறது. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. இறந்தவர், இரட்டைப் பதிவு, வீடு மாறியவர் என்று காரணம் சொன்னார்கள். நம் குடும்பங்களில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் அதிகம். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் தெரு மாறுகிறோம், பெயர் பழைய பாகத்திலேயே நிற்கிறது. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. அம்பத்தூர்வாசிகளுக்கு ஒரு குறிப்பு: வருவாய்த் துறைக்கு நீங்கள் 2018 முதல் சென்னை மாவட்டம், சட்டமன்ற வாக்காளர் பட்டியலுக்கோ திருவள்ளூர் மாவட்டத் தேர்தல் நிர்வாகம். வீட்டுக்கு மணமுடித்து வந்த மருமகள்களின் பெயரையும், 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயரையும் மறக்காதீர்கள்.

இரண்டாவது, பகுதி சபா. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு வார்டு குழுவும் பகுதி சபாவும் உண்டு. இதற்கான சட்டத் திருத்தம் 2010-இல் வந்தது. விதிகள் வந்தது 2022-இல். வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர்தான். கவுன்சிலர் இல்லாவிட்டால் இந்த வாசலும் அடைபடும். அது திறந்திருக்கும்போது போய் உட்காருவோம். பெண்களும் வர வேண்டும். குடிநீரும் கழிவுநீரும் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது, தகவல் கேட்பது. தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். ஆனால் விதிவிலக்குகள் நிறைந்திருந்த அந்தச் சட்டத்தால் சாதாரண மக்களுக்குப் பெரிய பலன் இல்லை. 2005-இல் வந்த மத்திய சட்டம்தான் நம் கைக்கு எட்டியது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். “ஏன் எங்கள் தெருவில் கால்வாய் கட்டவில்லை?” என்று எழுதினால் சரியான பதில் வராது. “இந்த நிதியாண்டில் இந்த வார்டில் எடுத்த பணிகள், ஒப்பந்தத் தொகை, பணி முடிந்த தேதி, பில் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

இந்த உரிமையும் சுருங்கி வருகிறது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இனி ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லி, பயனாளிகள் பட்டியல் போன்றவற்றை மறுப்பது எளிதாகலாம். பொதுநலன் பெரிதென்றால் தர வேண்டும் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பதவி ஓர் அமானிதம் என்று நாம் சொல்கிறோம். அமானிதத்தை ஒப்படைத்தவர் கணக்குக் கேட்பது பகையும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல. நம் அறக்கட்டளையிடம் நீங்கள் ஆண்டுதோறும் வரவு செலவு கேட்கிறீர்கள்; நாம் படித்துக் காட்டுகிறோம். அதே வழக்கத்தை வார்டுக்கும் கொண்டு போவோம்.

வரும் நான்கு வாரமும் ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் படிவங்கள் நிரப்பித் தர இளைஞர்கள் இருப்பார்கள். உங்கள் வாக்காளர் அடையாள அட்டையோடு வாருங்கள். பக்கத்து வீட்டார் எந்தச் சமயத்தவரானாலும் அவர்களையும் அழைத்து வாருங்கள். கால்வாய் எல்லோர் வாசலிலும்தான் ஓடுகிறது.

அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.