கைத்தவறும் கணிக்கத்தக்கதே

விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிக் கிராமங்களில், மழை பொய்த்த ஆண்டுகளிலும் பல குடும்பங்களைக் காத்து வருவது பட்டாசுத் தொழில். அதனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் விபத்து நேரும்போதெல்லாம் ‘தொழிலாளியின் கைத்தவறு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தவறு எங்கே, ஏன் நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும். அதையே இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

கணிக்கும் வழி எளிது. வேலையைப் படிப்படியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இங்கே என்ன தவறு நேரக்கூடும்? அதற்குத் தூண்டுவது எது? தவறினால் அருகில் எத்தனை உயிர்கள் இருக்கும்?

மருந்துக் கலவையை எடுத்துக்கொள்வோம். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்தபின், தீப்பற்றுவதற்கு உராய்வோ சிறு பொறியோ போதும். சலிக்கும்போது அழுத்தித் தேய்ப்பது ஒரு தவறு. மிஞ்சிய கலவையை மறுநாளுக்கென வைப்பது மற்றொன்று. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். இவை நேருவதேன்? எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை விரைகிறது. தீபாவளி நெருங்கினால் அறையில் ஆள் மிகுகிறது. ஆகவே ‘கவனமாயிரு’ என்னும் அறிவுரை மட்டும் போதாது. அன்றைய தேவைக்கு மட்டுமே கலப்பதும், உரிமத்தில் கண்ட எண்ணிக்கைக்கு மேல் அறையில் ஆள் சேராதிருப்பதும் வழக்கமாக வேண்டும். அப்போது ஒருவர் தவறினாலும் அது பேரழிவாக வளராது.

தவற்றின் விளைவு ஆலை மதிலுக்குள் நிற்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை தீப்பற்றியது. உதவுவதற்கும் பார்ப்பதற்கும் ஓடிச் சென்ற சுற்றுக் கிராமத்தார் பலர், அடுத்து நேர்ந்த வெடிப்பில் மாண்டனர். இறந்தோர் ஏறத்தாழ 40 பேர். ஆபத்தைக் கணிப்போர், கூட்டம் ஓடிவரும் என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

இங்கேதான் பஞ்சாயத்தின் கடமை தொடங்குகிறது. புகை கண்டால் விலகி நிற்பது, 101-க்குத் தகவல் சொல்வது, தீயணைப்பு வண்டிக்கு வழி விடுவது ஆகியவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்போம். வீடுகளில் மருந்து வைத்து வேலை செய்ய இடங்கொடாதிருப்போம். வேலைக்குச் செல்லும் நம் பெண்டிரும் இளைஞரும் தாம் கண்ட குறைகளை அச்சமின்றிச் சொல்லத் துணை நிற்போம்.

கண்மாய்க் கரையில் நலிந்த இடத்தை மழைக்கு முன்பே தேடி அடைப்பவர்கள் நாம். உடைந்தபின் நீரைக் குறை கூறுவதில்லை. அதே கண்ணோடு ஆலை வேலையையும் நோக்குவோமாக.