புற்றுநோயும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லேன், பள்ளி ஆசிரியன். ஆயினும் புற்றுநோய் ஆராய்ச்சியில் விளைந்த நற்பயன்களுள் சில, எளிய மக்களின் கல்வியோடு பிணைந்திருப்பதைப் படித்தறிந்தேன். அவற்றை உங்கள்முன் வைப்பது என் கடமையாகும்.

தமிழகத்தில் இந்நோயை எதிர்த்து எழுந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, சமூகத்தின் இழிசொற்களைத் தாங்கி, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரைச் செயலுக்குத் தூண்டியது. அவரது அயரா முயற்சியால் அடையாற்றில் 1954-இல் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அவர்தம் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 2021-இல் மறையும்வரை சாந்தா அம்மையாருக்கு அம்மருத்துவமனையே இல்லமாக விளங்கியது.

அந்நாளில் புற்றுநோய் என்றாலே சாவு என்று கருதினர். இன்று நிலைமை மாறியுள்ளது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் இமாடினிப் என்னும் மாத்திரை வந்தது. நோயை வளர்க்கும் புரதத்தை மட்டும் குறிவைத்து அது தடுக்கிறது. அயல்நாட்டு நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. இந்திய நிறுவனங்களோ அதனைப் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த விலையில் தந்தன. அயல்நாட்டு நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையை 2013-இல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததால், அம்மலிவு விலை மருந்து ஏழைகட்குத் தொடர்ந்து கிடைத்தது. 2023-இல், நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்து, அவற்றின் மரபணுவை மாற்றி, புற்றணுக்களை அழிக்கும் படையாக மீண்டும் உடலுள் செலுத்தும் முறை இந்தியாவிலேயே உருவாகி ஒப்புதல் பெற்றது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இணைந்து கண்ட வெற்றி இது.

இவை யாவும் பெருமைக்குரியவையே. ஆனால் நம் தாய்மார்கட்கு உடனடியாக வேண்டுவது இவற்றினும் எளியது. கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். 80,000 பேர் மடிகின்றனர். இதற்கு மூலகாரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி என நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி புகுந்து புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். நாற்றங்காலில் தலைகாட்டும் களையைக் கிள்ளுவது எளிது; கதிர் முற்றிய வயலில் அது இயலுமா? இந்நோயும் அத்தகையதே.

திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கருப்பை வாயில், புளிங்காடியில் உள்ள அதே அமிலத்தை நீர்த்த நிலையில் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைச் செவிலியர் கண்ணால் பார்த்தறிந்தனர். முற்றாத நிலையில் இருந்தவற்றைக் குளிரால் உறையச் செய்து அழித்தனர். 31,000-க்கு மேற்பட்ட பெண்கள் சோதிக்கப்பெற்றனர். ஒரே ஒருமுறை செய்த சோதனையால், சோதனை நடைபெறாத ஊர்களைவிட இந்நோயால் நேர்ந்த சாவு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் வெளியான முடிவு கூறிற்று.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வு நம் சிந்தனைக்கு இன்னும் உரியது. அங்கே சோதனை செய்தவர்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். பத்தாம் வகுப்பு படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். அவர்கள் கையால் சாவு 31 விழுக்காடு குறைந்தது. அன்பர்களே! ஒரு பெண்ணைப் பத்தாம் வகுப்பு வரையேனும் படிக்க வைத்தால் என்ன பயன் என்று எவரேனும் கேட்டால், இக்கணக்கையே விடையாகச் சொல்லுங்கள்.

இத்தகைய சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஆயினும் நம் பெண்கள் செல்வதில்லை. காரணம் அறியாமை மட்டுமன்று. நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகாவிடில் அன்றைய கூலி இல்லை. உடலைப் பிறர்க்குக் காட்டக் கூச்சம். நோயென்று சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சம். வீட்டாரோ, அவர்கள் வலியைப் பொருட்படுத்துவதில்லை. மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுதல், இடைநாட்களில் உதிரம் போதல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவற்றை மறைத்து வைத்து, தாங்கவொண்ணாத நிலையில் தஞ்சைக்கும் சென்னைக்கும் ஓடுகிறோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது; இழந்த காலத்தை அது மீட்டுத் தருமா?

இளைஞர்களே! உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, 30 வயது கடந்த உங்கள் தாயையும் தமக்கையையும் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்றைய கூலியை வீட்டிலுள்ள ஆண்மக்கள் ஈட்டிக் கொடுங்கள். இரண்டாவது, சிறுமியர்க்கு இந்நோயைத் தடுக்கும் ஊசி உண்டு. 2022-இல் இந்தியாவிலேயே தயாரித்த ஊசிக்கு உரிமம் வழங்கப்பெற்றது. 14 வயதுச் சிறுமியர்க்கு அதனைப் படிப்படியாக வழங்குவதாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்தது. நம் தெருச் சிறுமியர் ஒருவரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, புகையிலையை விட்டொழியுங்கள். வெற்றிலை விளையும் இக்காவிரி நாட்டில் பாக்கும் புகையிலையும் வாயில் அடக்குவது வழக்கமாகிவிட்டது. பாக்குத் தனியாகவே புற்றை உண்டாக்கும் என்பது உலகளாவிய ஆய்வாளர் குழு கண்ட முடிவு. வாயில் ஆறாத புண் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. இனி ஆண்டிற்கு ஒருமுறையேனும் தாய்மார்களைச் சோதனைக்கு அனுப்பும் முகாமையும் அது நடத்த வேண்டும். நம் பெண்மக்களுள் செவிலியர், மருத்துவர், ஆராய்ச்சியாளர் பலர் தோன்ற வேண்டும். நம் தாய்மார் தம் துன்பத்தைக் கூசாமல் சொல்வதற்கு, நம்மவளே ஒருத்தி அங்கே அமர்ந்திருக்க வேண்டும்.